இரண்டாவது விதியும் வன்னி மண்ணும்

நூல்களைத் தடைசெய்தல் என்றதும் நம்மவர் உள்ளத்தில் இரண்டு காட்சிகளே எழுகின்றன. ஒன்று, அரசாங்க வர்த்தமானியில் வெளிவரும் ஆணை. மற்றையது, 1981 ஆம் ஆண்டு மே 31 ஆம் நாள் இரவு யாழ்ப்பாணத்து வானத்தில் எழுந்த தீ. ஏறத்தாழ 97,000 நூல்களையும் ஓலைச்சுவடிகளையும் விழுங்கிய அத்தீ நம் வரலாற்றின் மாறாத வடு என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஆணையையும் தீயையும் மாத்திரமே தடை என்று கொள்வோமாயின், ஒரு சமுதாயத்தின் வாசிப்பு எத்தனை வழிகளில் முடக்கப்படுகின்றது என்பதை நாம் அறியாதவர்களாகிவிடுவோம். வன்னிப் பெருநிலம் இதற்குத் தக்க சான்று. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மாவட்டங்களில் கடந்த நாற்பது ஆண்டுகளில் நூலுக்கும் வாசகருக்கும் இடையே எழுந்த சுவர்களுட் பெரும்பாலானவை எந்த வர்த்தமானியிலும் பெயர் குறித்து வெளிவந்தவை அல்ல.

இச்சுவர்களை அளந்து பார்ப்பதற்கு நூலகர் ஒருவரின் கருத்தையே அளவுகோலாகக் கொள்ளுதல் பொருந்தும். அவர் சீர்காழியில் 1892 இற் பிறந்து, கணித ஆசிரியராகத் தொடங்கி, 1924 இற் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகிய எஸ். ஆர். இரங்கநாதன். அவர் 1931 இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகள் பற்றிய நூல் உலகெங்கும் நூலகர்களின் பாடநூலாக விளங்குகின்றது. நூலகத் தொழிலின் நுட்பங்களைக் கூறும் நூலாகவே அதனைப் பலர் கருதுவர். உண்மையில் அது சிந்தனைச் சுதந்திரம் பற்றிய ஒரு நூல். அவ்வாறு அதனைப் படிக்கும்போதே அதன் பெருமையும் குறையும் ஒருங்கே புலப்படுகின்றன.

நூல்கள் பயன்படுத்தப்படுவதற்கே உரியவை என்பது முதல் விதியின் சாரம். இதனை நிறுவ வந்த இரங்கநாதன், ஐரோப்பாவின் பழைய நூலகங்களில் நூல்கள் அடுக்குகளோடு இரும்புச் சங்கிலியாற் பிணைக்கப்பட்டிருந்த காலத்திலிருந்தே தொடங்குகின்றார். நூலைக் காப்பதற்கென இடப்பட்ட சங்கிலி வாசகரை விலக்குவதற்கும் பயன்பட்டது. நம் பாடசாலைகள் சிலவற்றிற் பூட்டிய கண்ணாடி அலுமாரிக்குள் இருந்து முதுகைக் காட்டும் நூல்களைக் கண்டவர்களுக்கு அச்சங்கிலி பழங்கதை அன்று என்பது விளங்கும்.

இரண்டாவது விதி, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கு வேண்டிய நூல் கிடைத்தாகவேண்டும் என்கின்றது. இதில் ‘ஒவ்வொரு’ என்னும் சொல்லே உயிரானது. நூல் செல்வர்க்கு மாத்திரம் உரியதன்று, பொதுமக்களுக்கும் உரியது. ஆணுக்கு மாத்திரமன்றிப் பெண்ணுக்கும், நகரத்தாருக்கு மாத்திரமன்றிக் கிராமத்தாருக்கும் உரியது. இவ்வாறு ஒவ்வொரு வேலியாகத் தகர்த்துச் செல்கின்றது அவரது வாதம். அத்தோடு நில்லாமல், இவ்விதி நிறைவேறுவதற்கு அரசுக்கும் நூலக நிருவாகத்துக்கும் ஊழியருக்கும் வாசகருக்கும் உள்ள கடமைகளையும் அவர் வகுத்துக் கூறுகின்றார். மூன்றாவது விதியின் வழியே, வாசகர் தாமே அடுக்குகளிடையே நடந்து நூலைத் தெரிந்தெடுக்கும் திறந்த அடுக்கு முறையை வற்புறுத்துகின்றார். அறிவு மேலிருந்து கீழே அளந்து ஊற்றப்படும் பொருளன்று என்னும் சனநாயகக் கருத்து இங்கே உறுதியாகப் பதிந்துள்ளது. 1948 இல் நிறைவேறிய சென்னைப் பொது நூலகச் சட்டத்தின் பின்னே நின்றவர் அவர். 1959 அக்டோபரில் திறக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகக் கட்டடத்துக்கும் அவரது ஆலோசனை கிடைத்தது.

இனி, குறை யாது எனப் பார்ப்போம். இரங்கநாதன் தம் நூலிற் போராடும் பகை அலட்சியம். நிதி ஒதுக்காத அரசு, கதவடைக்கும் நூலகர், நூலை நாடாத மக்கள் ஆகிய மூவரையும் திருத்திவிட்டால் இரண்டாவது விதி வெற்றி கொள்ளும் என்பது அவரது நம்பிக்கை. அதிகாரம் அறியாமையால் அன்றி நன்கறிந்தே நூலுக்குப் பகையாகும் நிலைமைக்கு அந்நம்பிக்கையில் இடமில்லை. அவர் ஆலோசனை கூறிய நூலகமே 22 ஆண்டுகள் நிறைவதற்குள், அரச படையினர் நகரில் நிறைந்திருந்த வேளையிற் கொளுத்தப்பட்டது. கொளுத்தியவர்கள் நூலின் பயனை அறியாதவர்கள் அல்லர். ஒரு மக்கட் கூட்டத்துக்கு அது எவ்வளவு பயன்படுகின்றது என்பதை அறிந்தே கொளுத்தினர். ஆகவே இரண்டாவது விதியை அலட்சியத்துக்கு எதிராக மாத்திரமன்றி அதிகாரத்துக்கு எதிராகவும் நிறுத்தவேண்டிய கடமை நம் காலத்து நூலகர்களுக்கு ஏற்பட்டது. அக்கடமையின் கடினத்தை முழுமையாக உணர்த்துவது வன்னியின் அனுபவமே.

1990 ஜூன் மாதத்திற் போர் மீண்டும் மூண்டபின், விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகளுக்குப் பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டது. எரிபொருள், மின்கலம், சீமெந்து முதலியன தடைப் பட்டியலில் இருந்தன. இப்பட்டியல் எந்த நூலையும் எழுத்தாளரையும் குறிப்பிட்டு விலக்கவில்லை. எனினும் மண்ணெண்ணெய் இல்லாத வீட்டில் இரவில் வாசிப்பது எங்ஙனம்? பஞ்சை எண்ணெயில் நனைத்து ஜாம்போத்தலில் இட்டு எரித்த விளக்கின் சிற்றொளியிலே ஒரு தலைமுறை மாணாக்கர் பரீட்சைக்குப் படித்தனர். மின்கலம் இன்மையால் துவிச்சக்கரவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, அதன் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டனர். வடக்கின் செய்தித்தாள்கள் அப்பியாசப் புத்தகத்துக்குரிய கோடிட்ட தாளிலும் அச்சாகின. சீமெந்து இல்லாத ஊரில் வாசிகசாலை எழவில்லை. தாண்டிக்குளம் சோதனைச் சாவடியைக் கடந்து வருவனவற்றுள் நூலுக்குரிய இடம் எப்பொழுதும் கடைசியானது. 2002 இன் போர்நிறுத்தத்தோடு ஏ-9 வீதி திறந்தபோது சிறிது தளர்ந்த இந்நிலை, 2006 ஆகஸ்டில் அவ்வீதி மூடப்பட்டதும் மீண்டும் இறுகியது. ஆக, ஆணையின்றியே ஒரு நிலப்பரப்பு முழுவதற்கும் நூல் மறுக்கப்படலாம். வறுமையும் முற்றுகையும் செய்யும் தணிக்கையில் எழுதியவர் பெயர் காணப்படுவதில்லை. அதனாலேயே அதற்கெதிராக வழக்குத் தொடுப்பாரும் இல்லை.

இது வெளியிலிருந்து வந்த சுவர். உள்ளிருந்து எழுந்த சுவரைப் பற்றிப் பேசாதுவிடின் நம் விமர்சனம் அரைகுறையாகும். ஒடுக்கப்பட்ட மக்களின் பெயரால் அமைந்த அதிகாரமும் மாற்றுக் கருத்தைப் பொறுத்துக்கொள்ளவில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தைச் சேர்ந்தவரும், ‘முறிந்த பனை’ என்னும் நூலை எழுதிய நால்வருள் ஒருவருமான ராஜினி திராணகம, 1989 செப்டம்பர் 21 ஆம் நாள் சுட்டுக்கொல்லப்பட்டார். அரசின் கொடுமையையும் இந்தியப் படையின் கொடுமையையும் இயக்கங்களின் கொடுமையையும் ஒரே நேர்மையோடு பதிவு செய்த நூல் அது. கவிஞர் செல்வி 1991 ஆகஸ்டில் விடுதலைப் புலிகளாற் பிடித்துச் செல்லப்பட்டார், மீண்டு வரவில்லை. அதே ஆண்டு மே மாதத்திற் கவிஞர் சிவரமணி தம்மிடமிருந்த கவிதைகளைத் தீயிட்டு உயிர் நீத்தார். அம்மரணத்தின் காரணத்தை ஒரு வரியில் அடக்குதல் முறையன்று. ஆயினும் ஒரு கவிஞரே தம் கவிதைகளுக்குத் தீயிட நேர்ந்த காலத்தின் காற்று எத்தகையது என்பதை நாம் எண்ணிப் பார்க்கவேண்டும். நண்பர்களின் கையில் எஞ்சிய பிரதிகளே பின்னர் நூலுருப் பெற்றன.

இவை யாழ்ப்பாணத்து நிகழ்ச்சிகளேயெனினும், 1995 இறுதியின் பெரும் இடப்பெயர்வுக்குப் பின் அதே அதிகாரம் வன்னியிலேயே நிலைகொண்டது. அங்கே அச்சகங்கள் இயங்கின, நூல்கள் வெளிவந்தன, வாசிப்பு மதிக்கப்பட்டது. இவற்றை மறுப்பதற்கில்லை. ஆனால் ஒரே திசை நோக்கும் நூல்கள் மாத்திரம் நிறைந்த அடுக்கு, எத்தனை நீளமாயினும் நூலகம் ஆகாது. இன்னொரு புறம், இராணுவக் கட்டுப்பாட்டிலிருந்த வவுனியா போன்ற இடங்களில் சுற்றிவளைப்புக்கு அஞ்சி வீட்டிலிருந்த நூல்களையும் பத்திரிகைகளையும் மக்கள் தாமே எரித்தனர், கிணற்றிலிட்டனர், மண்ணிற் புதைத்தனர். ஒரே நூல் ஏ-9 வீதியின் ஓரிடத்திற் கடமையாகவும் சில மைல் தொலைவிற் குற்றமாகவும் இருந்தது. இரு பக்கத்திலும் வாசகர் கற்ற பாடம் ஒன்றே: தெரியாமலிருப்பதே பாதுகாப்பு. தணிக்கையாளன் வாசகனின் நெஞ்சுக்குள்ளேயே குடியேறிவிட்டான் என்பதே இதன் பொருள். எல்லாத் தடைகளிலும் கொடியது இதுவே. ஏனெனில் ஆணையை நீக்கிய மறுநாளும் இது நீங்குவதில்லை.

ஒவ்வொரு வாசகருக்கும் என்னும் விதியை எடுத்துக்கொண்டால் இன்னொரு வினாவும் எழுகின்றது. வன்னியின் வாசகர் யார்? 1990 அக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். முல்லைத்தீவிலும் மன்னாரிலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தோர் கையில் அகப்பட்டதோடு புறப்பட்டனர். இங்கே நூல் அன்று, வாசகரே அடுக்கிலிருந்து அகற்றப்பட்டார். அதுபோலவே 1958, 1977 ஆம் ஆண்டுகளின் இனக் கலவரங்களுக்குப் பின் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் குடியேறிய மலையக மக்கள், காணியும் கல்வியும் குறைந்தவர்களாய் நீண்டகாலம் ஒதுக்கப்பட்டிருந்தனர். இவர்களுடைய வரலாறும் இலக்கியமும் இடம்பெறாத ஒரு வன்னி நூலகம், எந்நூலையும் விலக்கவில்லை எனப் பெருமை கொள்ள இயலாது. வாங்காது விடுதலும் ஒருவகை விலக்கலே.

போர் 2009 மே மாதத்தில் முடிவுற்றது. சுவர்கள் யாவும் வீழ்ந்துவிட்டனவா? மன்னார் மாவட்டம் வன்னித் தேர்தல் தொகுதியின் ஒரு பகுதி. அங்கு சிலாவத்துறையைச் சேர்ந்த இளங் கவிஞரும் ஆசிரியருமான அஹ்னாப் ஜஸீம் 2020 மே 16 ஆம் நாள் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்க் கைதுசெய்யப்பட்டார். 2017 இல் வெளிவந்த ‘நவரசம்’ என்னும் அவரது தமிழ்க் கவிதைத் தொகுதி தீவிரவாதத்தைப் பரப்புகின்றது என்பது குற்றச்சாட்டு. வன்முறையைக் கண்டிக்கும் கவிதைகளும் அத்தொகுதியில் உண்டு என்பதைத் தமிழறிந்த எவரும் படித்துக் கூறியிருக்கலாம். ஆயினும் 2021 டிசம்பரிற் பிணை கிடைக்கும்வரை ஏறத்தாழப் பத்தொன்பது மாதங்கள் அவர் அடைபட்டிருந்தார். 2023 டிசம்பரில் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. சட்டப்படி அக்கவிதைகள் வென்றன. ஆனால் அக்காலத்தில் நாட்டின் எத்தனை நூலகங்களில், எத்தனை ஆசிரியர்களின் மேசைகளில், ‘இது நமக்கேன்?’ என்னும் எண்ணத்தோடு நூல்கள் ஒதுக்கப்பட்டிருக்கும்?

இஃது ஓரினத்துக்கு மாத்திரம் நேர்ந்த கேடு என எண்ணுதலும் தவறு. சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார 2019 ஏப்ரலில் ஒரு சிறுகதைக்காகக் கைதுசெய்யப்பட்டு நான்கு மாதங்கள் விளக்கமறியலில் இருந்தார். பௌத்த பிக்குகளை அவமதித்தது அக்கதை என்பது குற்றச்சாட்டு. சர்வதேச மனித உரிமை உடன்படிக்கையை நடைமுறைப்படுத்தவென இயற்றப்பட்ட சட்டமே அவர்மீது ஏவப்பட்டது. தமிழ்க் கவிஞருக்காகவும் சிங்களக் கதாசிரியருக்காகவும் ஒரே குரலிற் பேசத் தெரிந்தவருக்கே சுதந்திரம் என்னும் சொல்லை உச்சரிக்கும் தகுதி உண்டு.

இவ்விடத்து முற்போக்கு வாசகர் எழுப்பக்கூடிய ஒரு நியாயமான வினாவை எதிர்கொள்ளுதல் வேண்டும். எல்லாத் தடையும் தீயதாயின், தென்னிந்திய வணிகச் சஞ்சிகைகளின் வெள்ளத்தைக் கட்டுப்படுத்தக் கோரி நம் முற்போக்கு எழுத்தாளர்கள் குரலெழுப்பியது பிழையா? 1970 களின் தொடக்கத்தில் அவ்விறக்குமதி மட்டுப்படுத்தப்பட்டதன் பின்னரன்றோ ஈழத்துப் பிரசுரம் தழைத்தது? வீரகேசரிப் பிரசுரமாக 1973 இல் வெளிவந்த அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’, முல்லைத்தீவு மாவட்டத்துத் தண்ணிமுறிப்பின் காட்டையும் வயலையும் மனிதரையும் இலக்கியமாக்கியது அச்சூழலில் அன்றோ?

இவ்வாதத்திற் பாதி உண்மை உண்டு. பெருமுதலீட்டோடு வரும் மலிவுச் சரக்கின் முன் சிறிய நாட்டின் எழுத்தும் பிரசுரமும் நிற்கமாட்டா என்பது பொருளாதார உண்மை. அன்றைய கோரிக்கை வாசகனின் சிந்தனைக்குப் பூட்டிடும் நோக்கில் எழுந்ததன்று. ஆனால் ‘நிலக்கிளி’யைத் தந்தது வேலியா? வன்னியின் வாழ்வை அறிந்த எழுத்தாளர் ஒருவர் இருந்தார். அவரது படைப்பில் முதலிடவும் அதனை நாடெங்கும் கொண்டுசெல்லவும் ஒரு நிறுவனம் முன்வந்தது. வேலி இவற்றுக்கு வாய்ப்பளித்ததேயன்றி இவற்றைப் படைக்கவில்லை. 1977 இன்பின் திறந்த பொருளாதாரம் வந்து வேலி நீங்கியதும் அப்பிரசுர முயற்சி தளர்ந்தமை இதனைக் காட்டுகின்றது. நூலகங்கள் நிரந்தரக் கொள்வனவாளராகவும், கிராமங்கள்தோறும் வாசிகசாலைகள் உயிருள்ளவையாகவும் அமைந்திருந்தால், வேர் ஆழச் சென்றிருக்கும். வேலி வேருக்கு மாற்றாகாது. பயிர் வேண்டுமாயின் நீர் பாய்ச்சவேண்டும்.

உலக அனுபவமும் இதனையே கற்பிக்கின்றது. எழுத்தறிவின்மையை ஒழிப்பதில் ஒப்பற்ற சாதனை புரிந்த சோவியத் நாட்டில், அப்பணியின் முன்னணியில் நின்ற குருப்ஸ்காயாவின் பொறுப்பிலேயே 1920 களில் நூலகங்களிலிருந்து நூல்களைக் களையும் சுற்றறிக்கைகளும் வெளிவந்தன. கோடிக்கணக்கானோரை வாசிக்கக் கற்பித்த அரசு, எதை வாசிக்கலாம் என்பதையும் தானே தீர்மானிக்க முற்பட்டது. மறுபுறம், சுதந்திர உலகின் காவலனெனத் தன்னைப் பறைசாற்றிய அமெரிக்கா, மக்கார்த்தியின் செல்வாக்கு ஓங்கிய 1953 இல், வெளிநாடுகளிலுள்ள தன் நூலகங்களிலிருந்து இடதுசாரி எழுத்தாளர்களின் நூல்களை அகற்றியது. பதாகையின் நிறம் வேறாயினும் களைபவனின் கை ஒன்றே.

அதே 1953 இல் லெஸ்டர் ஆஷைம் என்னும் அமெரிக்க நூலகவியலாளர், நூலைத் தெரிவு செய்தலுக்கும் தணிக்கை செய்தலுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கினார். தெரிவு செய்பவர் நூலை ஏற்பதற்குக் காரணம் தேடுகின்றார். தணிக்கையாளர் விலக்குவதற்குக் காரணம் தேடுகின்றார் என்பது அவரது கருத்தின் சாரம். முன்னவர் வாசகரின் அறிவில் நம்பிக்கை வைக்கின்றார். பின்னவர் தம் அறிவில் மாத்திரமே நம்பிக்கை வைக்கின்றார். மக்கள் சக்தியைப் பற்றி மேடையிற் பேசிவிட்டு, அதே மக்கள் ஒரு நூலை வாசித்துத் தாமே நிறுத்துப் பார்க்க வல்லவர் அல்லர் என்று கருதுவோமாயின், மக்கள்மீது நாம் கொண்ட நம்பிக்கை வெறும் சொல்லே.

அங்ஙனமாயின் இனவெறியைத் தூண்டும் நூலையும் அடுக்கில் வைப்பதா என்று கேட்கலாம். ஒரு கூட்டத்தைத் தாக்குமாறு நேரே ஏவும் துண்டுப்பிரசுரம் வேறு. அதனை விசாரிக்கவேண்டியது பகிரங்க நீதிமன்றம். வரலாற்றைத் திரித்து எழுதிய நூல் வேறு. அதனை மறைத்துவிட்டால் நம் மாணாக்கர் அதற்கு மறுமொழி கூறக் கற்பது எப்பொழுது? திரிபின் பக்கத்தில் அதனை மறுக்கும் ஆராய்ச்சியையும் வைப்பதே நூலகரின் போர்முறை. பொது நூலகங்கள் பற்றி யுனெஸ்கோவும் சர்வதேச நூலகச் சங்கங்களின் சம்மேளனமும் 1994 இல் வெளியிட்டு 2022 இல் திருத்திய அறிக்கை, நூற்றொகுதிகள் அரசியல், சமயம், கோட்பாடு என்பவற்றின் தணிக்கைக்கோ வணிக நெருக்குதலுக்கோ உட்படலாகாது எனக் கூறுகின்றது. வணிக நெருக்குதலும் இங்கே சேர்க்கப்பட்டிருப்பதை நம் வாசகர்கள் கவனிக்கவேண்டும்.

ஏனெனில் தடைசெய்யாதே என்னும் கோரிக்கை பாதிக் கோரிக்கையே. ஒட்டுசுட்டானிலோ நெடுங்கேணியிலோ வாழும் ஒரு விவசாயியின் மகளுக்கு உலகின் எந்நூலும் தடைசெய்யப்படவில்லை என வைத்துக்கொள்வோம். அவள் நடந்து செல்லும் தொலைவில் நூலகம் இல்லை. இருப்பின் புதிய நூல் இல்லை. நூல் இருப்பினும் வயல்வேலை முடிந்து வரும் வேளையிற் கதவு திறந்திருப்பதில்லை. இவளது சுதந்திரம் ஏட்டில் எழுதப்பட்ட சர்க்கரை. 2005 இல் தொடங்கிய நூலகம் இணையத்தளம் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் மின்வடிவிற் காத்து, 1981 இன் தீக்குத் தன்னார்வத் தொண்டர்களின் உழைப்பால் விடைகூறியுள்ளது. போற்றத்தக்க இப்பணியின் பயனும் கருவியும் இணைப்பும் அற்ற குடிசையின் வாயிலில் நின்றுவிடுகின்றது. கருத்துச் சுதந்திரத்தை வெறும் சட்ட உரிமையாகக் காண்போர் இவளைக் காண்பதில்லை. உணவும் நூலும் கொடுத்துவிட்டோம், சுதந்திரம் எதற்கு என்போரும் இவளைக் காண்பதில்லை. இரங்கநாதனின் இரண்டாவது விதி இவ்விரு சாராரையும் ஒருங்கே மறுக்கின்றது. அங்கே நூலைக் கொடுத்தலும் விலக்காதிருத்தலும் ஒரே கடமையின் இரு பக்கங்கள்.

எனவே வன்னியின் ஆசிரியர்களும் மாணவர்களும் செய்யவேண்டியவை தெளிவானவை. தம் பிரதேச சபையின் நூலகத்துக்கு ஆண்டுதோறும் நூல் வாங்க எவ்வளவு ஒதுக்கப்படுகின்றது, எந்நூல்கள் எவ்வடிப்படையிற் தெரியப்படுகின்றன என்று பகிரங்கமாகக் கேட்கவேண்டும். 2016 இன் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதற்கு வழி தந்துள்ளது. தெரிவுக் கொள்கை எழுத்தில் இருக்கவேண்டும். ஒரு நூல் அகற்றப்படின் யார், ஏன் அகற்றினர் என்பது பதியப்படவேண்டும். போரைப் பற்றி அரசு தரப்பும் இயக்கத் தரப்பும் மனித உரிமையாளரும் எழுதிய நூல்கள் ஒரே அடுக்கில் அமரவேண்டும். முஸ்லிம் மக்களின் வெளியேற்றமும் மலையக மக்களின் குடியேற்றமும் அவ்வடுக்கில் இடம்பெறவேண்டும். பாடசாலை அலுமாரியின் சாவி மாணாக்கரின் இடைவேளையிற் பூட்டில் தொங்கவேண்டும். ஒரு நூலுக்காக நூலகர் மிரட்டப்பட்டால் ஊர் அவர் பின்னால் நிற்கவேண்டும். தனித்து நிற்கும் நூலகர் அஞ்சுவது இயல்பு. அவரைத் தனித்து நிற்க விடுதலே குற்றம்.

எரிந்த நூல்களுக்காக நாம் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அழுதுள்ளோம். அவ்வழுகை நியாயமானதே. ஆனால் எரித்தவனை வெறுத்தல் எளிது. நமக்கு உடன்பாடற்ற நூலை நம் கையாலேயே எடுத்து இன்னொரு வாசகரிடம் கொடுத்தல் அரிது. அவ்வரிய செயலைச் செய்யத் துணியும் நூலகரும் ஆசிரியரும் ஒவ்வோர் ஊரிலும் தோன்றும்வரை, 1981 இன் தீ முற்றாக அணைந்துவிட்டதாக நாம் கூறிக்கொள்ளல் ஆகாது.